1903-ஆம் வருடத்து ஒரு வெள்ளி

தைப்பிங்
9.2.1986

அன்புத் தம்பி குணாளனுக்கு அக்கா தேவானை எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். மழை விடாததால் துணி காயவில்லை, அதைத் தவிர குறை ஒன்றும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஆறு ஆம்பிளைகள் சேர்ந்து சமைக்கும் அறையில் யார் சமைத்தாலும் உப்புக் கரிக்கிறது என்று போன முறை எழுதியிருந்தாய். நீ சமைக்கும் நாளிலும் அப்படித்தானா?

உன் அத்தானுடைய இரண்டாவது வருடத் திதி முடிந்தது. அவர் ரயில்வே வேலைக்குக் கொண்டுபோன பெட்டியை ஒழித்தபோது பனியன் துணியில் சுற்றிய பழைய காசுகள் கிடைத்தன. பழைய சாமான் வாங்க வரும் சீனக் கிழவரிடம் அவ்வப்போது வாங்கி வைத்திருக்கிறார். ராணி தலை போட்ட செப்புக் காசுகள் கொஞ்சம், சின்ன வெள்ளிக் காசுகள் கொஞ்சம், உள்ளங்கை நிறைய ஒரு பெரிய வெள்ளி. பெரியதில் ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா. மறுபக்கம் சீன எழுத்தும், அரபி மாதிரி இருக்கும் ஜாவி எழுத்தும். வருடம் 1903.

ஆய்வுக்கூட வேலை இல்லாத சனிக்கிழமைகளில் ஒரு சீனருடைய நாணயக் கடையில் வேலை செய்கிறாய் அல்லவா. இவற்றுக்கு என்ன மதிப்பு வரும் என்று பார்த்துச் சொல். தம்பி வைத்துவிட்டுப் போன காசு என்று பெரிய அத்தானும் கேட்கச் சொன்னார். பதிலை அவருடைய மளிகைக் கடை முகவரிக்கே போடு. உன் கடிதம் வந்தால் அவரே பிரித்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார். வீட்டில் அது ஒரு பொழுதுபோக்கு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா
தேவானை


சிங்கப்பூர்
20.2.1986

அக்கா,

நான் நலம். நான் சமைக்கும் நாளில் உப்பு சரியாக இருக்கும், அளந்து போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்புக் காசுகளை மறந்துவிடு. அவை இங்கே வாளியில் கிடக்கின்றன, பிள்ளைகள் அள்ளி விளையாடுகிறார்கள். சின்ன வெள்ளிக் காசுகளும் பெரிய விலைக்குப் போகாது. அந்தப் பெரிய வெள்ளியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

1903-இல் அடித்த வெள்ளி கிட்டத்தட்ட இருபத்தேழு கிராம் இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசில் வைத்து எடையை எழுது. எடை குறைந்தால் போலி, மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. அடுத்து, காசின் மேல் மெல்லிய தாளை விரித்து, மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து லேசாகத் தேய். காசில் மேடாக இருப்பது தாளில் கறுப்பாக விழும், பள்ளமாக இருப்பது வெள்ளையாக நிற்கும். இரண்டு பக்கத்தையும் தேய்த்து அனுப்பு.

அந்த வருடத்து வெள்ளியில் பம்பாய் அச்சுச்சாலையின் அடையாளமாக ஒரு சின்ன எழுத்து உண்டு. அது பெரும்பாலும் குழிந்திருக்கும். சில காசுகளில்தான் மேடாக இருக்கும். குழியென்றால் ஊரெங்கும் கிடைக்கும் சரக்கு. மேடென்றால் சேகரிப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதே. கழுவாதே. துடைக்கக்கூடத் துடைக்காதே. எங்கள் கடை முதலாளி, தவுக்கே மிஸ்டர் கோ, வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது இதுதான்: "மூஞ்சி கழுவுன காசு வேணாம்லா. அழுக்கோட கொண்டா, அழுக்குக்குத்தான் நான் காசு குடுக்கறேன்."

எடை, தேய்ப்பு இரண்டும் இல்லாமல் பதில் எழுதினால் பயனில்லை.

குணாளன்


தைப்பிங்
16.3.1986

அன்புத் தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். உனக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

தேய்த்த தாளை உள்ளே வைத்திருக்கிறேன். முதல் இரண்டு தாளும் கிழிந்துவிட்டன. மூன்றாவதில் ராஜாவின் மூக்கு வரைக்கும் தெளிவாக விழுந்திருக்கிறது.

எடை போட வாய்க்கவில்லை. வெளியே போகிற வேளை அமையவில்லை. பெரிய அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன், கடை அரிசித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு முள் நகரவே இல்லை என்றார்.

இன்னொன்று. உன் கடிதம் வருவதற்கு முன்பே, தை கடைசி வெள்ளியன்று, பெரிய அத்தான் சம்சாரம் பெரியக்கா காசுகளையெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து லட்சுமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார். இந்த வீட்டில் எந்தக் காசு வந்தாலும் அப்படித்தான். அப்பழுக்கில்லாமல் மின்னுகிறது. இது கெடுதலா?

என்ன விலை என்று மட்டும் தெளிவாக எழுது. ஈப்போவில் தையல் பள்ளி ஒன்று இருக்கிறது, ஆறு மாதப் படிப்பு, பக்கத்திலேயே பெண்கள் தங்கும் அறைகளும் உண்டாம். சேரும்போது மொத்தமாகக் கட்ட வேண்டும். அந்த அளவுக்கு வருமா என்று ஒரு யோசனை. சும்மாதான் கேட்டேன். இதைப் பெரிய அத்தானிடமும் சொல்லியிருக்கிறேன். உன் பதில் வரட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.

உன் பதிலைத்தான் எதிர்பார்த்திருக்கிறேன்.

தேவானை


சிங்கப்பூர்
24.3.1986

அக்கா,

நலம். பதிலைக் கேட்டாய், இதோ.

புளி அமிலம். சாம்பல் உப்புத்தாள் மாதிரி. எண்பது வருடமாக அந்தக் காசின்மேல் படிந்திருந்த மெல்லிய தோலை உரித்துவிட்டு, மேற்பரப்பு முழுக்கக் கீறல் போட்டிருக்கிறீர்கள். நீ அனுப்பிய தாளிலேயே கீறல் வரிவரியாக விழுந்திருக்கிறது. மிஸ்டர் கோ அதைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.

எழுத்து வெள்ளையாக நிற்கிறது. அதாவது குழி. சாதாரணச் சரக்கு. கழுவாமல் இருந்திருந்தாலே சுமாரான விலைதான். இப்போது அதன் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் மதிப்பு, அவ்வளவுதான். தையல் பள்ளிக்கு அல்ல, தையல் ஊசிக்குக்கூட யோசிக்க வேண்டும். இல்லாத நம்பிக்கையைக் கொடுப்பது என் வேலை இல்லை.

எடையாவது போட்டிருக்கலாம். நகைக்கடை உங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளி. அங்கே போய்வர முடியாத அளவுக்கு உனக்கு என்ன அப்படி வேலை என்று எனக்குப் புரியவில்லை.

காசைப் பத்திரமாக வை. மதிப்புக்காக இல்லை, அத்தான் ஞாபகத்துக்காக.

குணாளன்


தைப்பிங்
20.6.1986

தம்பி,

இந்தக் கடிதம் கடை வழியாக வரவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் ரொஹானாவுக்கு பாஜு குரோங் உடை தைத்துக் கொடுக்கிறேன். அவரே வந்து துணியைக் கொடுத்து அவரே வந்து வாங்கிப்போவார். அந்த மடிப்புக்குள் வைத்து அனுப்புகிறேன். அவர் முகவரி பின்பக்கம் இருக்கிறது. இனி எனக்கு மட்டும் எழுதுவதென்றால் அங்கே எழுது.

நீ மூன்று மாதமாக நான் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். உன் மார்ச் மாதக் கடிதத்தைப் பெரிய அத்தான் கடையில் நின்றபடியே உரக்க வாசித்தார். அரிசி வாங்க வந்தவர்கள் வரைக்கும் கேட்டார்கள். ஊசி என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியாம்மா? உன் தம்பியே எழுதிட்டான். அவன் படிச்சவன், பொய் சொல்லமாட்டான். போய் உலையப் பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உனக்கு ஒன்று தெரியாது. அத்தானைத் தூக்கிய அன்றைக்கே, ரயில்வே பணத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று என் அடையாளக் கார்டைப் பெரிய அத்தான் வாங்கினார். அது கடை இரும்புப்பெட்டிக்குள் போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் கேட்டேன். "வீட்டுக்குள்ள இருக்கிற பொம்பளைக்கு ஐசி எதுக்கு? தொலைச்சிட்டு நிப்ப. என்கிட்ட இருந்தா பத்திரம்" என்றார். அதட்டவில்லை, தம்பி. அன்பாகத்தான் சொன்னார். அவர் யாரிடமும் அதட்டிப் பேசுவதில்லை.

அது கையில் இல்லாமல் பஸ்ஸில் போனால் போலீஸ் நிறுத்தும் இடத்தில் இறக்கிவிடுவார்கள். அறை கொடுக்க மாட்டார்கள். வேலை கொடுக்க மாட்டார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து வேறு எடுக்கலாம் என்றால் அலுவலகத்துக்கு நானே போக வேண்டும். நான் வாசலைத் தாண்டினால் பெரியக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வருகிறார். கோவிலுக்கும் அப்படித்தான்.

காசுக்கு நல்ல விலை வந்தால், விற்பதற்கு என் கையெழுத்து வேண்டும், கார்டு வேண்டும், பெட்டியைத் திறந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் விலை கேட்டேன்.

எடை போடாததற்கு நீ கோபப்பட்டாய். பரவாயில்லை.

தேவானை


சிங்கப்பூர்
28.6.1986

(டீச்சர் ரொஹானா வழியாக)

அக்கா,

படித்தேன். இனி செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

நான் அங்கே வந்து சண்டை போட்டால், தங்கச்சி மாதிரி வைத்திருக்கிறேன் தம்பி என்று காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். நான் போன பிறகு அந்த டீச்சர் வீட்டுத் துணியும் நிற்கும். ஆகவே அது வேண்டாம்.

உன் கணக்கு சரியான கணக்கு. விலைதான் வரவில்லை. விலையை நான் வரவைக்கிறேன்.

இன்னொரு தாளில் தேய். அந்தச் சின்ன எழுத்து வெள்ளையாக நிற்கும் இடத்தில் பென்சிலைக் கூராகச் சீவி, எழுத்தை மட்டும் நிரப்பிக் கறுப்பாக்கு. விளிம்பைத் தாண்டக் கூடாது. அதைப் பெரிய அத்தான் கண்முன்னாலேயே உறையில் போட்டு, தம்பி முதல் தாள் சரியாக விழவில்லை என்று மறுபடி கேட்டிருக்கிறான் என்று சொல்லி, அவர் கையாலேயே அஞ்சலில் சேர்க்கச் சொல். பிறகு கடை முகவரிக்கு என்னிடமிருந்து ஒரு கடிதம் வரும். அதை அவர் வாசிக்கும்போது நீ வாயைத் திறக்காதே. கண்ணைத் துடைத்துக்கொண்டால் போதும், சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொள்வார்.

இதுவரை ஒரு காசுக்கும் நான் பொய் மதிப்பு எழுதியதில்லை. மிஸ்டர் கோவிடம் சொல்லிவிட்டேன். இப்படி இப்படி, உங்கள் கடைப் பேரை எழுதாமல் ஒரு பொய் எழுதப் போகிறேன் என்றேன். பேனாவை மூடி வைத்தார். "எழுது. ஆனா கூட்டித்தான் எழுது, கொறைச்சு எழுதாத. ஆசை வந்தாதான் பெட்டி தொறக்கும்" என்றார்.

குணாளன்


சிங்கப்பூர்
15.7.1986

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் திரு. மாசிலாமணி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் பெரியக்காவும் கடையும் நலமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். மழைக்காலத்தில் தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அக்கா எழுதவில்லை, கவலையாக இருக்கிறது.

ஒரு தவறுக்கு மன்னிப்புக் கேட்டு இதை எழுதுகிறேன். அக்கா முதலில் அனுப்பிய தாள் மங்கலாக இருந்ததால் அவசரப்பட்டுச் சாதாரணக் காசு என்று எழுதிவிட்டேன். இரண்டாவது தாளில் எழுத்து கறுப்பாக விழுந்திருக்கிறது. அதாவது மேடு. கழுவியதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் இந்த வகை இந்தப் பக்கத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறது. இங்கே ஒரு சேகரிப்பாளர் பல வருடமாக இதைத் தேடுகிறார். அவர் சொல்லும் தொகையைக் கடிதத்தில் எழுத எனக்கே பயமாக இருக்கிறது. தங்கள் கடைக்கு ஒரு புது லாரி வாங்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நாணயச் சந்தை நடக்கிறது. அவர் அங்கே வருகிறார். ஒரே ஒரு சிக்கல். இறந்தவருடைய பொருள் என்பதால் அவருடைய மனைவியே நேரில் வந்து, அடையாளக் கார்டைக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டும். திருட்டுக் காசு புழங்குகிற தொழில் என்பதால் இதில் மட்டும் கறாராக இருக்கிறார்கள். வேறு வழி இருந்தால் அக்காவை அலைக்கழித்திருக்க மாட்டேன்.

எதுவானாலும் தங்கள் முடிவு.

தங்கள் அன்பை மறவாத
குணாளன்


தைப்பிங்
3.8.1986

தம்பி குணாளனுக்கு மாசிலாமணி ஆசீர்வதித்து எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ விசாரித்ததில் பெரியக்காவுக்குச் சந்தோஷம்.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மார்ச் மாதம் ஊசிகூட வாங்க முடியாது என்றாய். ஜூலை மாதம் லாரி வாங்கலாம் என்கிறாய். நான் நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறவன். நாலு மாதத்தில் அரிசி விலையே இப்படி ஏறி நான் பார்த்ததில்லை. ஆகவே அந்தக் காசை எடுத்து, கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கண்ணாடி வாங்கி, விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். எனக்கு எழுத்து குழியாகத்தான் தெரிகிறது. நீ தாளைப் பார்க்கிறாய், நான் காசைப் பார்க்கிறேன். இதற்கு என்ன சொல்கிறாய்?

நீ சொல்வது உண்மையானால் சந்தோஷம்தான். உன் அக்காவை இரண்டு வருடமாக உட்காரவைத்துச் சோறு போடுகிறோம், கணக்குப் பார்த்ததில்லை. பணம் வந்தால் அவள் பேரிலேயே நான் வைத்திருப்பேன். காசு இப்போது பெட்டியில் இருக்கிறது. கோலாலம்பூருக்கு அவளைத் தனியாக அனுப்புவது முறையில்லை. நானே கூட்டி வருவேன். கார்டும் காசும் என்னிடமே இருக்கும்.

மாசிலாமணி


சிங்கப்பூர்
12.8.1986

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கண்ணாடி வைத்துப் பார்த்தது மிகவும் நல்லது. ஒரு கேள்வி மட்டும். விளக்கு எந்தப் பக்கம் இருந்தது?

வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் மேடு மேடாகத் தெரியும். காசைத் தலைகீழாகப் பிடித்தாலோ, விளக்கு கீழ்ப்பக்கம் இருந்தாலோ மேடு குழியாகவும் குழி மேடாகவும் கண்ணுக்குத் தெரியும். இது என் கற்பனை இல்லை, ஆய்வுக்கூடத்தில் உலோகத்தின் மேற்பரப்பைப் படமெடுக்கும்போது எங்களுக்கே தினமும் நடக்கும் ஏமாற்றம். காசை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் எதிர்ப்பக்கம் மாற்றிப் பாருங்கள். எழுத்து எழும்பி நிற்பதைத் தாங்களே பார்ப்பீர்கள்.

தாங்கள் கூட வருவது எனக்கு எவ்வளவோ நிம்மதி. காசைத் தாங்கள்தான் வைத்திருக்க வேண்டும், அக்காவிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஹோட்டலில் கூட்டம் இருக்கும், அந்தக் காசுக்கு எத்தனை பேர் கண் வைத்திருப்பார்களோ. மேசைப் பக்கம் விற்பவரை மட்டும் அவரவர் கார்டைப் பார்த்து உள்ளே விடுவார்கள். அக்கா முதலில் போய்ப் பேர் பதிந்து கையெழுத்துப் போடட்டும். தொகை பேசி முடிந்ததும் தங்களைக் கூப்பிடுவார்கள். அதுவரை காசு தங்கள் மடியை விட்டு இறங்க வேண்டாம். எனக்கு அன்று ஆய்வுக்கூடத்தில் வேலை இருப்பதால் வர முடியாது.

பயணம் நல்லபடி அமைய வேண்டும்.

குணாளன்


சிங்கப்பூர்
14.8.1986

(டீச்சர் ரொஹானா வழியாக)

அக்கா,

அவர் விளக்கை மாற்றிப் பார்த்திருப்பார், நம்பியிருப்பார். விளக்கைப் பற்றி நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

கவனமாகப் படித்துவிட்டு அடுப்பில் போடு. சந்தை நடப்பது மாடியில். வாசலில் பேர் பதிவார்கள். உள்ளே போனதும் எந்த மேசையிலும் நிற்காதே. இடது பக்கம் கடைசியில் சமையலறைக் கதவு இருக்கிறது, தட்டு எடுத்துப் போகிறவர்கள் பின்னால் போனால் கீழே இறங்கும் படி. அது பின் சந்தில் கொண்டுவிடும். சந்தின் முனையில் வாடகைக் கார் நிற்கும். பஸ் நிலையத்துக்குப் போ, சிரம்பான் பஸ்ஸில் ஏறு. நான் சிரம்பான் நிலையத்தில் காலையிலிருந்து இருப்பேன். என்னோடு வேலை செய்பவனின் அத்தை வீடு அங்கே இருக்கிறது. தங்குவதற்கு, தையலுக்கு, எல்லாவற்றுக்கும் பேசி முடித்துவிட்டேன். நீ எதையும் யோசிக்க வேண்டாம்.

டீச்சரிடம் பஸ்ஸுக்கும் காருக்கும் பணம் அனுப்பியிருக்கிறேன். ஜாக்கெட் லைனிங்கில் வைத்துத் தைத்துக்கொள்.

காசைக் கேட்காதே. அதைப் பார்க்கக்கூடப் பார்க்காதே.

குணாளன்


தைப்பிங்
2.9.1986

குணாளனுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஞாயிறன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. கோலாலம்பூருக்கு ரயிலில் போகும்போது எதிரே உட்கார்ந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் வடை வாங்கிக் கொடுத்தேன், சாப்பிட்டாள். ஹோட்டல் மாடி வாசலில் அவள் கார்டை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். "காசு பத்திரம் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டு வருடத்தில் என்னை மாமா என்று அன்றைக்குத்தான் கூப்பிட்டாள்.

நான் காசை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை வாசலில் கிடந்த சோபாவில் உட்கார்ந்திருந்தேன். ஒண்ணுக்குக்கூடப் போகவில்லை. ஒரு கப் தேநீருக்கு அவர்கள் வாங்கிய பணத்தில் என் கடையில் ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடும். கடைசியில் மேசைகளை மடக்க ஆரம்பித்த பிறகு ஒருத்தனைப் பிடித்துக் காசைக் காட்டினேன். கண்ணாடிகூடப் போடாமல் பார்த்தான். "புளி போட்டுத் தேச்சிங்களா அங்கிள்? அழகா இருக்கு. வீட்டுல வச்சுக்கங்க" என்றான்.

அவளைப் பெற்ற பெண் மாதிரி வைத்திருந்தேன். ஒரு நாள் கை நீட்டியிருப்பேனா, ஒரு வார்த்தை தடித்துப் பேசியிருப்பேனா, கேட்டுப்பார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நினைத்தது குற்றமா? போலீசுக்குப் போனேன். கார்டு அவங்க கையில இருக்குதா, அப்ப அவங்களாத்தான் போயிருக்காங்க, நீங்க என்ன புகார் குடுக்கறீங்க என்று கேட்கிறார்கள்.

அடுத்த வாரம் சிங்கப்பூர் வருகிறேன். உன் அறையில் வந்து உட்காருவேன். அவள் எங்கே என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லும்வரை போகமாட்டேன்.

மாசிலாமணி


28.9.1986

அன்புத் தம்பி குணாளனுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக, இந்நேரம் கொஞ்சம் கோபம் தணிந்து இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மேலே ஊர் பேர் போடவில்லை. அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாய் என்று தெரியும். பார்க்காதே. வெளியூர் போகிற ஒரு லாரிக்காரரிடம் கொடுத்து, எந்த ஊரிலாவது பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன்.

சிரம்பானில் நீ நாள் முழுக்க நின்றிருப்பாய். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கடிகாரத்தைப் பார்த்திருப்பாய். கடைசி பஸ்ஸும் வந்த பிறகு என்ன செய்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறபோதெல்லாம் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன். பஸ் நிலையம் வரை நீ சொன்னபடிதான் போனேன். சிரம்பான் பஸ் நின்றது. கதவுப் பிடியில் கை வைத்தேன். அப்போதுதான் தோன்றியது, பெரிய அத்தான் நேரே உன் அறைக்குத்தான் வருவார். கத்தமாட்டார். உன் கட்டிலில் உட்கார்ந்து, சாப்பிட்டியா தம்பி என்று கேட்பார். பிறகு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உனக்குத் தாளில் பொய் எழுத வரும். முகத்தில் வராது. சின்ன வயதிலும் வராது.

அதனால் உனக்குத் தெரியாத ஒரு பஸ்ஸில் ஏறினேன். அவர் வந்து கேட்டபோது தெரியாது என்று சொல்லியிருப்பாய். அது உண்மை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும், எழுந்து போயிருப்பார்.

அது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். அந்த அத்தை வீட்டை நீ பேசி முடித்திருந்தாய். எதையும் யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். பெரிய அத்தானும் அதையேதான் சொல்வார். நீ அவர் மாதிரி இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தாளை அடுப்பில் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இங்கே சேர்ந்திருப்பது ஒரு தையல் கடை. நடத்துபவர் ஒரு சீன அம்மாள். என் மலாய் அவருக்கும் அவர் மலாய் எனக்கும் பாதிதான் புரிகிறது. முதல் நாள், வேலை தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே ஐசி கேட்டார். அதை ஜாக்கெட் லைனிங்கில் தைத்து வைத்திருந்தேன், அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டேன். கொடுக்காமல் வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு லைனிங்கைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். விளக்கடியில் வைத்துப் பார்த்தார், பேரை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டு, அந்த மிஷினில் உட்காரச் சொன்னார்.

அக்கா
தேவானை